பவளத்தின் எலும்பு தெரிகிறதா? முதலில் உப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் மாடி வீட்டில் இருக்கிறேன். கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு வருடமாகிறது. கல், மணல் போக உள்ளே 180 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு க்ளவுன் மீன், ஐந்து கிளை உள்ள ஒரு ஹேமர் பவளம், ஒரு கல் நிறைய பட்டன் பாலிப் இருக்கின்றன. சித்திரை பிறந்ததிலிருந்து ஹேமர் சரியாக விரியவில்லை. இப்போது மூன்று கிளைகளில் சதை சுருங்கி மேலே போய், கீழே வெள்ளை எலும்பு தெரிகிறது. சூட்டைக் குறைக்க மின்விசிறி வைத்ததில் தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குறைகிறது. உப்பு குறைந்துவிடக் கூடாது என்று, கலந்து வைத்த உப்புநீரையே ஊற்றி நிரப்புகிறேன். உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் ஊசி பச்சைக் கோட்டுக்குள்தான் நிற்கிறது. கடைக்காரர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றினேன். கால்சியம், காரத்தன்மையை ஏற்றும் பஃபர் இரண்டும் விடுகிறேன். லைட்டையும் கூட்டினேன். இன்னும் மோசமாகத்தான் போகிறது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த எலும்பின்மேல் ஒரு மயிர்ப்புழு ஊர்கிறது. அதைக் கொல்ல வேண்டுமா? பட்டன் பாலிப் கல்லில் பாசி பிடித்திருக்கிறது, எடுத்து வெந்நீர் ஊற்றித் தேய்க்கலாமா? ஹேமர் பிழைக்காவிட்டால் ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து புதுப் பவளம் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்:

வெந்நீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஹேமரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டு ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்டது. பட்டன் பாலிப், ஜோவாந்திட் என்றெல்லாம் கடையில் சொல்லும் இந்த வகையில் சிலவற்றின் சதைக்குள் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. கடல் உயிர்களிடம் உள்ள நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் இதுவும் ஒன்று. சூட்டுக்கு எளிதில் அழியாது. வெந்நீர் ஊற்றினாலோ, தண்ணீருக்கு வெளியே வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ, ஆவியோடும் தெறிக்கும் துளியோடும் மூச்சில் ஏறிவிடும். வீட்டில் கல்லை வேகவைத்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. எந்த பாலிப்பில் நஞ்சு இருக்கிறது, எதில் இல்லை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாசியை, கல் தண்ணீருக்குள் இருக்கும்போதே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு விரலால் பிடுங்கி எடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் தொட்டியில் கை வைக்க வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இனி ஹேமர். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி ஒன்றுதான்: “உப்புநீரையே ஊற்றி நிரப்புகிறேன்.” தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயேதான் நிற்கிறது. அடுப்பில் வற்றிப்போன சாம்பாரை இளக்க வெறும் தண்ணீர்தானே ஊற்றுவோம், மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்ற மாட்டோமே, அதே கணக்குதான்.

எவ்வளவு ஏறியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் 180 லிட்டரில் 6.3 கிலோ. தினமும் இரண்டு லிட்டர் உப்புநீர் ஊற்றினால் தினமும் 70 கிராம் கூடுகிறது. பத்து நாளில் 700 கிராம். அதாவது 35 இருந்த இடத்தில் 39. இருபது நாள் போனால் 43-ஐத் தொட்டுவிடும். மீனுக்கு உடம்புக்குள் உப்பைச் சமாளிக்கும் வழி உண்டு, அதனால் உங்கள் க்ளவுன்கள் இன்னும் ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. பவளத்துக்கு அந்த வழி இல்லை. சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு ஏறினால் அதன் சதையில் உள்ள நீர் வெளியே இழுக்கப்படும். பாலிப், அதாவது பவளத்தின் வாயும் கைகளும் உள்ள சதை உடல், உள்ளே சுருங்கிக்கொள்வது அதனால்தான். நாள்கணக்கில் சுருங்கியே கிடந்தால் எலும்பின் விளிம்பில் சதை அறுபட்டு விலக ஆரம்பிக்கிறது.

கடைக்காரர் சொன்ன பாதித் தண்ணீர் மாற்றம் ஏன் உதவவில்லை என்பதும் இதில் தெரிந்துவிடும். 43-க்குப் பக்கத்தில் இருந்த உப்பு ஒரே நாளில் 39-க்கு இறங்கியிருக்கும். மெல்ல ஏறியதையாவது பவளம் கொஞ்சம் தாங்கும், திடீர் இறக்கத்தைத் தாங்குவது மிகவும் கஷ்டம். அதன் பிறகும் நீங்கள் உப்புநீரையே ஊற்றியதால் மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி அடித்ததில் நொந்துபோன உயிர் அது.

ஹைட்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதே என்கிறீர்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசி ஆடும் அந்த வகையை நம்ப வேண்டாம். ஊசியில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து அது கனத்துப் போனால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குமிழி ஒட்டிக்கொண்டால் கூட்டிக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். கூடவே அதைச் சரிபார்க்க, 35 என்று குறித்த அளவுத் திரவம் ஒரு சின்ன பாட்டில். வெறும் தண்ணீரை வைத்து சுழியம் சரிபார்த்தால் போதும் என்பார்கள், போதாது. நமக்கு வேண்டியது 35-க்குப் பக்கத்தில் சரியாகக் காட்டுவது. அந்தத் திரவத்தில் இரண்டு சொட்டை நீலக் கண்ணாடியின்மேல் விட்டு, மூடியைக் குமிழி இல்லாமல் சாய்த்து மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் நிற்கும்வரை மேலே உள்ள திருகைத் திருப்புங்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பாருங்கள். வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

39 என்று வந்தால் ஒரே நாளில் 35-க்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று இறங்கினால் போதும். உங்கள் தொட்டியில் சுமார் நாலரை லிட்டர் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, அதே அளவு சுத்தமான ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால் 39 ஏறக்குறைய 38 ஆகும். இந்த நாலரை லிட்டரையும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக விடுங்கள். நாலைந்து நாளில் 35 வந்துவிடும். இதற்கிடையில் ஆவியாகிக் குறையும் இரண்டு லிட்டருக்கும் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டால், வீட்டில் யார் வேண்டுமானாலும் அந்தக் கோடுவரை ஊற்றிவிடலாம்.

ஆர்ஓ தண்ணீர் என்றதும் சமையலறையில் இருக்கிறதே என்று அதைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள். மதுரையில் போர் தண்ணீரின் கடினம் உங்களுக்கே தெரியும், பக்கெட்டில் படியும் வெள்ளையைப் பார்த்தால் போதும். வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகோ, மினரல் சேர்க்கும் கேட்ரிட்ஜோ இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்தால் 50, 80 என்று காட்டும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. கேன் தண்ணீரும் அப்படியே. மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாயைக் கடைசியில் சேர்த்த ஆர்ஓ தண்ணீர், மீட்டரில் சுழியம் அல்லது அதை ஒட்டி வர வேண்டும். தினமும் இரண்டு லிட்டர் என்றால் வருடத்துக்கு எழுநூறு லிட்டருக்கு மேல் போகிறது. அதில் வரும் சிலிகேட்டும் நைட்ரேட்டும் எங்கும் ஆவியாகாது. உங்கள் பட்டன் பாலிப் கல்லில் பாசி பிடித்ததற்கும் இதில் பங்கு இருக்கலாம்.

சொட்டு மருந்துகளை இன்றைக்கே நிறுத்துங்கள். கால்சியமும் பஃபரும் கெட்டவை என்று சொல்லவில்லை. அளக்காமல் விடுவதுதான் தப்பு. ஹேமர் போன்ற பெரிய பாலிப் பவளங்களை உப்புக்கு அடுத்தபடியாக வாட்டுவது காரத்தன்மையின் ஏற்ற இறக்கம். காரத்தன்மை சோதனை கிட் ஒன்று வாங்கி, தினமும் ஒரே நேரத்தில், லைட் போடுவதற்கு முன் பாருங்கள். காரத்தன்மையை டிகேஎச் என்ற அளவில் சொல்வார்கள், 8-லிருந்து 9 டிகேஎச் இருந்தால் நிம்மதி. 7 இருந்தாலும், 10 இருந்தாலும் அசையாமல் நின்றால் பவளம் வாழும். இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்றால் வாழாது. ஒரு நாளில் அரை டிகேஎச்சுக்கு மேல் மாற்ற வேண்டாம். உப்பு இறங்கும்போது இதுவும் சேர்ந்து கொஞ்சம் இறங்கும், அதற்குப் பயந்து பஃபரைக் கையில் எடுக்காதீர்கள். கால்சியம் 400-லிருந்து 450 பிபிஎம், மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. இந்த இரண்டையும் வாரம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

கூட்டிய லைட்டைப் பழைய அளவுக்கும் கொஞ்சம் கீழே கொண்டுவாருங்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியை வைத்து அதற்குச் சாப்பாட்டில் பெரும்பங்கைச் சமைத்துத் தருகிறது. அதனால் வாடினால் வெளிச்சம் கூட்டினால் தேறும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சூடும் உப்பும் ஏறிய தண்ணீரில் கூடுதல் ஒளி அந்தப் பாசியின் வேலையைக் கெடுத்து, சதையையே பாதிக்கிறது. ஹேமருக்கு எப்போதுமே நடுத்தர வெளிச்சம்தான் பிடிக்கும். தொட்டிக்குள் தண்ணீரை ஓட்டும் வேவ்மேக்கரின் ஓட்டம் நேராக ஹேமரின் முகத்தில் அடிக்கக் கூடாது. விரியும் நாளில் பவளத்தின் கைகள் மெதுவாக அசைய வேண்டும், ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தால் ஓட்டம் அதிகம்.

இன்னொன்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. க்ளவுன் மீன்கள் ஹேமருக்குள் படுத்துப் புரள்கின்றனவா? கடல் சாமந்தி இல்லாத தொட்டியில் க்ளவுன் பெரும்பாலும் ஹேமரைத்தான் வீடாக்கிக்கொள்ளும். நல்ல உடம்போடு இருக்கும் பவளம் தாங்கிவிடும், இப்போது தாங்காது. புது பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து ஹேமர்மேல் வைத்து, சில வாரங்களுக்கு மீனைத் தடுத்துவிடுங்கள்.

இப்போது பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கில் பாருங்கள், நீலத்தில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். சதை எலும்போடு சேரும் விளிம்புதான் முக்கியம். அந்த ஓரம் சுத்தமாக, கோடு போட்டாற்போல் இருந்து, மேலே பாலிப்பின் வாய் மூடி, கொஞ்சமாவது நிறத்தோடு இருந்தால், தண்ணீர் சரியானதும் பிழைத்துக்கொள்ளும். சதை முழுசாக இருந்து நிறம் மட்டும் வெளுத்திருந்தால் அது வேறு, அது நுண்பாசியை இழந்த வெளுப்பு. அதற்கும் தண்ணீரைச் சரிசெய்வதுதான் மருந்து. ஆனால் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று சளி மாதிரி தொங்கி, முகர்ந்தால் அழுகல் வாடை வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு ஓரிரு நாளில் தாவிவிடும். பம்பை நிறுத்தி, சளி பரவாமல் சின்னக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, பவளத்தைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய தனி வாளிக்கு மாற்றி, பவளங்களுக்கென்று விற்கும் அயோடின் கரைசலில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் நனைத்து எடுங்கள். சளி பிடித்த கிளையை வெட்டிப் போடுங்கள். சளி இல்லாவிட்டால் இந்தக் குளியல் வேண்டாம், களைத்த உயிரை மேலும் அலைக்கழிப்பதுதான் மிச்சமாகும்.

வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. உங்களுடையது கிளை விட்ட ஹேமர் என்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு கிளையும் தனி உயிர் போலத்தான், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். சுவர் மாதிரி ஒரே தகடாக வளரும் ஹேமரில் சதை விலக ஆரம்பித்தால் கோடு கோடாகப் போய்க்கொண்டே இருக்கும், அங்கே வெட்டவும் வழியில்லை. உங்கள் மூன்று கிளைகளில் வாய் இன்னும் இருக்கிறது என்றால் எதையும் வெட்டாதீர்கள். வெறும் எலும்பில் பச்சைப் பாசி ஏறிச் சதையின் ஓரத்தைத் தொட வந்தால் மட்டும், மெத்தென்ற பிரஷ்ஷால், சதையில் படாமல், கீழ்நோக்கித் துடைத்துவிடுங்கள்.

மயிர்ப்புழுவைக் கொல்ல வேண்டாம். அது செத்த சதையைத் தின்ன வந்தது. சதை விலகியதால் புழு வந்ததே தவிர, புழு வந்ததால் சதை விலகவில்லை. அதன் மயிர் கையில் குத்தினால் எரியும், அதனால் கையுறை போடுங்கள். உண்மையான எதிரி வேறு. ஹேமர்மேல் சதையோடு சதையாக ஒட்டியிருக்கும் தட்டைப்புழு. இலை மாதிரி மெலிந்து, ஓரம் நெளிந்து இருக்கும். இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு கிளைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே முட்டைத் திட்டு தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

சாப்பாடு இப்போது கொடுக்காதீர்கள். கைகள் நாலு விரல் அகலத்துக்காவது விரிய ஆரம்பித்த பிறகு, வாரம் ஒரு நாள் மாலையில், உப்பும் மசாலாவும் படாத பச்சை இறாலைக் கடுகளவு நறுக்கி, ஓட்டத்தை நிறுத்திக் கைகளில் வைத்தால் போதும். அது தானாக இழுத்துக்கொள்ளும்.

சூட்டைப் பற்றிக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2010-லும் 2016-லும் கோடைக் கடல் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறியபோது மன்னார் வளைகுடாவின் பவளங்களே வெளுத்தன. அக்னி நட்சத்திரத்தில் மதுரை மாடி அறையில் 180 லிட்டர் தண்ணீர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தளம் இரவு பத்து மணிக்கும் அனல் விடும். 26 டிகிரி நல்லது, 28-க்கு மேல் போக விடாதீர்கள். பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் வறண்ட வெயிலுக்கு மின்விசிறி நன்றாகவே குளிர்விக்கும், ஐப்பசி மழையில் காற்று ஈரமாகும்போதுதான் அதன் வேலை குறையும். தெர்மோஸ்டாட்டோடு சேர்த்துவிட்டால் அது தானே ஓடி நிற்கும். ஐஸ் பாட்டில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதனால் வெப்பம் ஏறி இறங்கும். எல்லாம் சீரான பிறகு லைட் நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, மாலை ஐந்திலிருந்து இரவு பன்னிரண்டுவரை எரிய வையுங்கள். மத்தியான வெயிலோடு விளக்குச் சூடு சேராது, வேலை முடிந்து வந்து நீங்களும் பார்க்கலாம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் காலையிலிருந்து மாலைவரை விசிறியும் பம்பும் நின்றுபோகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும். வேவ்மேக்கரை மட்டுமாவது இன்வெர்ட்டரில் கொடுங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், இதுதான் கஷ்டமான வேலை. வாரம் ஒரு முறை, அதே இடத்திலிருந்து, அதே வெள்ளை விளக்கில் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் விளிம்பு அங்கேயே நின்றுவிட்டால் ஜெயித்த மாதிரிதான். ஓரம் தடித்து உப்பி வரும். விலகிய எலும்பை மறுபடி மூட மாதக்கணக்கில் ஆகும், முழுதும் மூடாமலும் போகலாம். புது வளர்ச்சி மேலே இருந்து வரும்.

மண்டபத்துப் பவளத்துக்கு என் பதில்: வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும். சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல் பவளங்கள் அத்தனையையும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம், வாங்கி வைப்பதும் குற்றம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றி, சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் என்று பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் இருந்தது. அலையைத் தடுக்கும் அரண் போன பிறகு விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகக் கடலுக்கடியில் துண்டு துண்டாகப் பவளம் நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடலிலிருந்து ஒரு கிளையை உடைத்து நம் வீட்டுக் கண்ணாடிக்குள் வைக்க எனக்கு மனம் ஒப்பாது, உங்களுக்கும் ஒப்பாது என்றே நம்புகிறேன். பவளக் கல்லும் அங்கிருந்து எடுத்து வரக் கூடாது.

உங்களிடம் இருக்கும் ஹேமரும் கல் பவளம்தான். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கடையில் சொல்லியிருப்பார்கள், அதனால் அது அட்டவணையிலிருந்து விலகிவிடாது. வாங்கிய பில், இறக்குமதி ஆவணம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். கிளையை வெட்டி நண்பர்களுக்குக் கொடுப்பதும் விற்பதும் வேண்டாம். இனி தொட்டியில் எதாவது சேர்க்க ஆசை வந்தால் தோல் பவளம், காளான் பவளம் மாதிரி எலும்பில்லாதவற்றை, தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்தவையா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். மதுரை வெயிலுக்கும் அவைதான் ஹேமரைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

ஒருவேளை ஹேமர் பிழைக்காமல் போனால், அதையோ தொட்டியில் உள்ள வேறு எதையுமோ ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடாதீர்கள். வேறு கடலின் நோயும் பாசியும் அதோடு சேர்ந்து போகும். இரண்டு வாரம் கழித்து உப்பு, காரத்தன்மை, காலை மாலை வெப்பம் மூன்றையும் எழுதிய நோட்டுப் பக்கத்தையும், வெள்ளை விளக்கில் எடுத்த போட்டோவையும் அனுப்பிவையுங்கள். கூடையை எப்போது எடுக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.